ராயல் கோர்ட், 1956: ஒரு நாடக சீசனின் வரவு செலவு

திரை விலகியதும் ஒரு மொட்டைமாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை. இரண்டு இளைஞர்கள் நாற்காலிகளில் சாய்ந்தபடி செய்தித்தாள்களுக்குள் முகம் புதைத்திருக்கிறார்கள். ஒரு பெண் துணி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் காதில் விழுவது ஒரு சலிப்பு. ஒவ்வொரு ஞாயிறும் ஏன்தான் இந்தப் பேப்பர்களைப் படிக்கிறேனோ, புத்தகங்கள்தான் மாறுகின்றன, மதிப்புரை என்னவோ போன வாரம் படித்ததாகவே இருக்கிறது என்று ஜிம்மி போர்ட்டர் அலுத்துக்கொள்கிறான்.

1956 மே 8, செவ்வாய் இரவு, லண்டன் ஸ்லோன் சதுக்கத்து ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' இப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு விமர்சகர்களைக் கிண்டலடித்துத் தொடங்கிய நாடகத்தை, ஐந்தே நாளில் ஒரு ஞாயிறு விமர்சனம் காப்பாற்றியது என்று பிரிட்டிஷ் நாடக உலகம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாடகத்தை மட்டும் பிடுங்கி எடுத்துப் பார்க்காமல், அது இடம்பெற்ற சீசன் முழுவதையும் விரித்துவைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. அந்த வருஷம் கல்லாவை நிரப்பியது வேறு நாடகம். அதற்கு அப்போதே 281 வயது.

முதலில் சீசன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லண்டனின் வணிக நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் ஒரு முதலாளி ஒரு நாடகத்தைப் போடுவார். கூட்டம் வரும்வரை ஓடும், வராவிட்டால் எடுத்துவிடுவார். சீசன் அப்படியில்லை. ஒரே நிர்வாகம், பெரும்பாலும் ஒரே நடிகர் குழு. பழையதும் புதியதுமாக ஐந்தாறு நாடகங்களை முன்கூட்டியே திட்டமிட்டு, ஒன்றை மாற்றி ஒன்று போடுவார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும் என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை.

இது அந்த அரங்குக்குப் புதிதும் அல்ல. 1904 முதல் 1907 வரை அதே ராயல் கோர்ட்டில் ஹார்லி கிரான்வில் பார்க்கரும் ஜே. ஈ. வெட்ரெனும் நடத்திய சீசன்கள் பிரிட்டிஷ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் கிரேக்கக் கவி யூரிபிடிஸ், இன்னொரு பக்கம் மை காயாத பெர்னார்ட் ஷா. மூன்று வருஷத்தில் நடந்த 988 காட்சிகளில் 701 ஷாவுடையவை. 'ஜான் புல்ஸ் அதர் ஐலண்ட்' பார்க்க வந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்தது என்றொரு கதை உண்டு. மன்னரின் உடல்வாகைப் பார்த்தால் நம்பலாம்.

அரை நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் டிவைன் என்ற நடிகர்-இயக்குநர், இளைஞர் டோனி ரிச்சர்ட்சனோடு சேர்ந்து அதே கட்டடத்தில் இங்கிலிஷ் ஸ்டேஜ் கம்பெனியின் சீசனைத் தொடங்கினார். சுமார் 400 பேர் உட்காரும் சிறிய அரங்கு. அடியில் சுரங்க ரயில் ஓடுவதால், உருக்கமான மௌனங்களுக்கு நடுவே நாற்காலிக்குக் கீழே கடகடவென்று ஒரு சத்தம் போகும். இன்றும் போகிறது. தோற்கவும் எங்களுக்கு உரிமை வேண்டும் என்பது டிவைன் அடிக்கடி சொன்னது. தோற்பதற்கு ஏராளமான வாய்ப்பும் கிடைத்தது.

நல்ல நாடகம் நாவலாசிரியர்களிடமிருந்துதான் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அதனால் 1956 ஏப்ரல் 2 அன்று முதல் நாடகம் ஆங்கஸ் வில்சனின் 'தி மல்பெரி புஷ்'. ஒரு வாரம் கழித்து ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்'. மூன்றாவதாக ஆஸ்போர்ன். அதற்கடுத்த வாரமே கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான ரொனால்ட் டங்கனின் இரண்டு கவிதை நாடகங்கள். அவை வந்த சுவடு தெரியாமல் போயின. ஜூனில் இன்னொரு நாவலாசிரியரான நைஜல் டென்னிஸ். அக்டோபர் கடைசியில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், அதுவும் நடிகை பெகி ஆஷ்கிராஃப்ட் இரட்டை வேடத்தில். டிசம்பரில் வில்லியம் விச்சர்லி 1675-ல் எழுதிய 'தி கன்ட்ரி வைஃப்'.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மே 8-க்குத் திரும்புவோம்.

ஆஸ்போர்னுக்கு வயது 26. வேலையில்லா நடிகர். தேம்ஸ் நதியில் கட்டிப்போட்ட படகு வீட்டில் நண்பரோடு தங்கியிருந்தார். புதிய நாடகங்கள் வேண்டும் என்று கம்பெனி 'தி ஸ்டேஜ்' பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துப் பிரதியை அனுப்பினார். வந்து குவிந்தவற்றில் தேறியது ஏறக்குறைய இது ஒன்றுதான். எழுதியவரைப் பார்க்க டிவைன் கிளம்பியபோது ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்ததால், ஒரு சிறு படகை இரவல் வாங்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நாடக உரிமைக்குக் கொடுத்தது 25 பவுண்டு.

முதல் காட்சிக்கு வெஸ்ட் எண்டின் மகாராஜாவாக இருந்த தயாரிப்பாளர் பிங்கி போமான்ட் வந்திருந்தார். இடைவேளையில் எழுந்து போய்விட்டார். கூட வந்திருந்த நாடகாசிரியர் டெரன்ஸ் ராட்டிகனையும் ஒரு விமர்சகர்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வெளியே வந்த ராட்டிகன் நிருபரிடம், "பாரம்மா, நான் ராட்டிகன் மாதிரி இல்லை பார்!" என்றுதான் இந்தப் பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்கிற அர்த்தத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். குத்தலாகச் சொன்னது, கடைசியில் அவர் தலையிலேயே விடிந்தது. அதன்பிறகு பல வருஷம் இளைய தலைமுறை யார் மாதிரி எழுதக்கூடாது என்பதற்கு அவர் பெயர்தான் உதாரணம்.

அந்தக் கால விமர்சகர்கள் இரண்டு ஜாதி. தினசரிக்காரருக்குக் காட்சி முடிந்து ஒரு மணி நேரம்கூட இருக்காது. எழுதியும் எழுதாமலும் தொலைபேசியில் வரிவரியாகச் சொல்லிவிட வேண்டும். காலையில் காப்பியோடு அது வாசகர் கையில் இருக்கும். ஞாயிறு பத்திரிகைக்காரருக்கு வாரக் கடைசிவரை நேரம். மற்றவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு, அதற்குப் பதில் சொல்வதுபோலவும் எழுதலாம். 1956-ல் லண்டனில் இப்படி இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். 'சண்டே டைம்ஸ்'-ல் ஹெரால்ட் ஹாப்சன், ஐம்பதைத் தாண்டியவர். 'அப்சர்வர்'-ல் கென்னத் டைனன், வயது 29. ராயல் கோர்ட் சீசன் தொடங்கிய நாள் டைனனின் பிறந்தநாள் என்பது சும்மா ஒரு தற்செயல். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

மே 9 காலை, தினசரிகளில் கலவையான வரவேற்பு. எல்லாரும் திட்டினார்கள் என்று பின்னால் கட்டிய கதை சரியல்ல. எழுத்தாளனிடம் சரக்கு இருக்கிறது, நாடகம்தான் சரியாக அமையவில்லை என்றே பலர் எழுதினார்கள். கடுமையாக வெட்டியவர் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' மில்டன் ஷுல்மன். நம்பிக்கையிழந்தவனின் கதறலாக இருக்கப் பார்க்கிறது, சுயபச்சாதாபத்தில் மூக்கை உறிஞ்சும் அளவுக்குத்தான் எட்டுகிறது என்றார். ஞாயிறு வந்தது. இதற்குள் இரண்டு நாடகங்கள் இருக்கின்றன, ஒன்று சாதாரணம், ஓரத்தில் கிறுக்கியதுபோல் இருக்கும் இன்னொன்றுதான் நிஜமான திறமை என்று ஹாப்சன் நிதானமாக எடைபோட்டார். டைனன் நிதானத்துக்கே போகவில்லை. இந்த நாடகத்தைப் பார்க்க விரும்பாத ஒருவரைத் தன்னால் நேசிக்க முடியுமா என்பதே சந்தேகம் என்று எழுதினார். இது சிறுபான்மையினருக்குத்தான் பிடிக்கும், சரி, அந்தச் சிறுபான்மை எத்தனை பேர் என்பதுதான் கேள்வி என்று சொல்லி, ஒரு எண்ணையும் போட்டார்: 67,33,000. நாட்டில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவர்களின் தொகை.

அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். பார்க்கத் துல்லியமாக இருக்கும் ஒரு எண்ணை வீம்புக்கு வீசுகிறார். நாடகத்தின் கட்டுமானம் எப்படி, மூன்றாம் அங்கம் நிற்கிறதா என்பதெல்லாம் பக்கத்தில் போய்விட்டது. இது யாருக்கான நாடகம் என்பதே அவர் பேச்சு. இதை விமர்சனம் என்பதைவிட ஆள்சேர்ப்பு என்றே நான் சொல்வேன். ஷுல்மன் சொன்னதில் பாதி உண்மை என்றுகூட எனக்குப் படுகிறது. ஜிம்மி மூக்கை உறிஞ்சத்தான் செய்கிறான். ஆனால் அந்த உறிஞ்சலுக்குப் பின்னால் ஒரு தலைமுறையே நிற்கிறது என்று கண்டுகொண்டவர் டைனன்தான்.

சரி, அந்த ஞாயிறுக்குப் பிறகு டிக்கெட் கவுண்டரில் வரிசை நின்றதா? இல்லை. கோடை முழுக்க நாடகம் இழுத்துக்கோ பறித்துக்கோ என்றுதான் ஓடியது. கம்பெனியின் விளம்பரப் பொறுப்பாளர் ஜார்ஜ் ஃபியரனுக்கு நாடகமே பிடிக்கவில்லை. நீ ஒரு கோபக்கார இளைஞன்தான்போல என்று ஆஸ்போர்னிடம் அவர் சொல்லப்போக, 'ஆங்ரி யங் மேன்' என்ற சொல்லைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. விற்க முடியாத சரக்கின் மேல் ஒட்டிய லேபிள், சரக்கைவிடப் பிரபலமானது. பிறகு அக்டோபர் 16 அன்று பிபிசி தொலைக்காட்சி நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. அரைமணி நேரம்கூட இல்லை. அப்புறம்தான் வசூல் தாவி ஏறியது. அதுவரை நாடக அரங்குப் பக்கமே தலைவைத்துப் படுக்காத இளைஞர்கள் எல்லாம் வந்து, நாங்கள் டிவியில் பார்த்தோமே அதன் மிச்சம் எங்கே என்று கேட்பதுபோல் உட்கார்ந்தார்கள். டைனன் எண்ணிச்சொன்ன அறுபத்தேழு லட்சத்துக்குச் செய்தியைக் கொண்டுசேர்த்தது டைனன் அல்ல, வீட்டுக் கூடத்துப் பெட்டி.

அதற்குள் பிரெக்ட் நாடகம் வந்து எதிர்பார்த்த கூட்டமில்லாமல் போனது. வருஷக் கடைசியில் கம்பெனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது வந்ததுதான் 'தி கன்ட்ரி வைஃப்'.

கதை இதுதான். ஹார்னர் என்ற உல்லாசி, தனக்கு ஆண்மை போய்விட்டது என்று வைத்தியர் மூலமாக ஊரெல்லாம் வதந்தி பரப்புகிறான். கணவன்மார் நிம்மதியாகத் தங்கள் மனைவிகளை அவன் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். பீங்கான் பாத்திரம் பார்க்கப் போகிறோம் என்று சாக்குச் சொல்லிப் பெண்கள் உள்ளறைக்குப் போவதும், எனக்கும் கொஞ்சம் பீங்கான் வேண்டும் என்று இன்னொருத்தி கதவுக்கு வெளியே அடம்பிடிப்பதும், அவளுக்குக் கொடுக்க இப்போது கைவசம் இல்லையே என்று ஹார்னர் கையை விரிப்பதும் உலக நாடகத்தின் மிக ஆபாசமான காட்சிகளில் ஒன்று. ஒரு கெட்ட வார்த்தைகூட அதில் கிடையாது. ஹார்னராக லாரன்ஸ் ஹார்வி, கிராமத்திலிருந்து வந்த அப்பாவி மனைவியாக ஜோன் பிளோரைட். அரங்கு நிறைந்தது. வெஸ்ட் எண்டுக்கு மாறிப்போய் அங்கேயும் ஓடியது. புதிய எழுத்துக்காகத் தொடங்கிய கம்பெனியின் முதல் வருஷக் கணக்கைத் தூக்கி நிறுத்தியது பதினேழாம் நூற்றாண்டுக் கிழவர்.

இதில் இன்னொரு வேடிக்கை. அன்றைக்குப் பிரிட்டனில் மேடையேறும் புதிய நாடகம் எதுவானாலும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகம் வரிவரியாகப் படித்து அனுமதி கொடுக்க வேண்டும். 1737-ல் வந்த சட்டம், 1968-ல்தான் போனது. ஆஸ்போர்னின் பிரதியிலும் பிருஷ்டபாகத்தைக் குறிக்கும் சில சொற்களுக்குக்கூட நீலப் பென்சில் விழுந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு முந்தைய நாடகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆக, ஒரே மேடையில், ஒரே வருஷத்தில், உயிரோடிருக்கும் எழுத்தாளன் பின்புறத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது. செத்துப்போன விச்சர்லி மூன்று மணி நேரம் பீங்கான் விற்கலாம். செவ்வியல் நாடகங்கள் பத்திரமானவை, புதியவைதான் துணிச்சலானவை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1956 லண்டனில் சட்டமே அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தது.

விமர்சகர்களும் இந்த இரண்டு வகையை ஒரே தராசில் நிறுப்பதில்லை. நிறுக்கவும் முடியாது. 'ஹாம்லெட்' மோசமாகப் போனால் யாரும் ஷேக்ஸ்பியரைத் திட்டமாட்டார்கள். இயக்குநரைத் திட்டுவார்கள், நடிகரைத் திட்டுவார்கள், அரங்க அமைப்பைக்கூடத் திட்டுவார்கள். நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே மனதில் இருக்கிறது, மேடையில் நடப்பதை அதோடு ஒத்துப் பார்த்தால் போதும். புதிய நாடகத்தில் அந்த ஒப்புநோக்கு இல்லை. நடிகன் விழுங்கிய வசனமும் இயக்குநர் தவறவிட்ட வேகமும் எழுத்தாளன் கணக்கில் எழுதப்படும். ஷுல்மன் கேட்ட மூக்குறிஞ்சல் ஆஸ்போர்ன் எழுதியதா, ஜிம்மியாக வந்த கென்னத் ஹேக் நடித்ததா, ரிச்சர்ட்சன் இயக்கியதா? ஒரே இரவில், ஒரே ஒரு தடவை பார்த்தவர் அதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இதன் விலை என்ன என்பதை இரண்டு வருஷம் கழித்து நாடகாசிரியர் ஹேரல்ட் பின்டர் ஷில்லிங் கணக்கில் தெரிந்துகொண்டார். 'தி பர்த்டே பார்ட்டி' 1958 ஏப்ரல் இறுதியில் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. அங்கேயும் ஆக்ஸ்ஃபோர்டிலும் நல்ல பெயர். மே 19 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் லிரிக் அரங்குக்கு வந்தது. மறுநாள் தினசரிகள் கிழித்துத் தோரணம் கட்டின. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று பின்டருக்குத்தான் வெளிச்சம் என்றது 'மான்செஸ்டர் கார்டியன்'. வியாழன் பகல் காட்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். வசூல் 2 பவுண்டு 9 ஷில்லிங்.

அந்தப் பகல் காட்சிக்குப் பின்டரும் போனார். தாமதமாக வந்து மாடிப்படியில் ஏறப்போனவரை, எங்கே போகிறீர்கள் என்று இருக்கை காட்டும் பெண் நிறுத்தினாள். நான்தான் நாடகாசிரியர் என்றார். அடப் பாவமே, நீங்களா என்றாள். மாடி இன்றைக்கு மூடியிருக்கிறது, பரவாயில்லை, நீங்கள் போய் உட்காருங்கள் கண்ணு என்று உள்ளே விட்டாள். பின்னாளில் இதை அவரே ஒரு மேடையில் சொன்னார்.

வார வசூல் மொத்தம் 260 பவுண்டு 11 ஷில்லிங் 8 பென்ஸ். சனிக்கிழமையோடு நாடகத்தை எடுத்துவிட்டார்கள். மறுநாள் 'சண்டே டைம்ஸ்'-ல் ஹாப்சன். அந்த ஆளில்லாப் பகல் காட்சியில் அவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாடக விமர்சகனாக எனக்கு இருக்கும் மரியாதை முழுவதையும் பணயம் வைத்துச் சொல்கிறேன், இன்றைய லண்டன் நாடக உலகின் மிக அசலான, தொந்தரவு செய்யும் திறமை பின்டருடையது என்று எழுதினார். வேறொருவராக இருந்தால் சனிக்கிழமையே செத்துப்போன நாடகத்துக்கு எதற்கு வீண் வேலை என்று நான்கு வரியில் முடித்திருப்பார். ஹாப்சனின் ரசனை எல்லாவற்றோடும் எனக்கு ஒத்துப்போகாது. இந்த ஒரு பத்திக்காக அவரை மன்னிக்கலாம். 1955-ல் சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ' வந்தபோதும் தினசரிகள் ஏளனம் செய்ய, தாங்கிப் பிடித்தவர்கள் அவரும் டைனனும்தான்.

ஆனால் கேள்வி இதுதான். ஆஸ்போர்னுக்கு ஞாயிறு விமர்சனம் வரும்போது நாடகம் மேடையில் இருந்தது. பின்டருக்கு இல்லை. ஹாப்சன் எழுதியது டைனன் எழுதியதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. வேறுபாடு எழுத்தில் இல்லை, ஏற்பாட்டில். ராயல் கோர்ட்டில் 'லுக் பேக்' ஒரு சீசனுக்குள் இருந்தது. செவ்வாய் விழுந்தாலும் வியாழன் 'குரூசிபிள்' உண்டு. கூட்டம் குறைந்த வாரங்களைத் தாண்டி அக்டோபர் டிவி ஒளிபரப்பு வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. லிரிக்கில் பின்டர் தனியாக நின்றார். அந்த ஒரு வாரத்தில் தேறவில்லை என்றால் அவ்வளவுதான். அந்த நாடகமே பின்னால் 1960-ல் தொலைக்காட்சிக்கு வந்தது. 1964-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி தன் பட்டியலில் அதைச் சேர்த்து, பின்டரையே இயக்கவும் வைத்தது. அப்போது அதன் அர்த்தத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

விமர்சகன் ஒரு நாடகத்தை வாழவைத்தான், கொன்றான் என்று பேசுவது விமர்சகனுக்குப் பிடிக்கும். நாடகக்காரர்களுக்கும் திட்ட ஒரு ஆள் கிடைத்த திருப்தி. நடுவில் கணக்கு நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது இருவர் கண்ணிலும் படுவதில்லை.

2024 இலையுதிர் காலத்தில் லண்டன் அல்மெய்டா அரங்கு இந்தப் பழைய ஏற்பாட்டைத் தூசிதட்டி எடுத்தது. 'லுக் பேக் இன் ஆங்கர்', ஆர்னல்ட் வெஸ்கரின் 'ரூட்ஸ்' இரண்டையும் ஒரே நடிகர் குழுவை வைத்து மாற்றி மாற்றிப் போட்டார்கள். 'ரூட்ஸ்' 1959-ல் கவென்ட்ரியில் அரங்கேறி ராயல் கோர்ட்டுக்கு வந்த நாடகம். அதில் நாயகி பீட்டியாக நடித்தவர் 'கன்ட்ரி வைஃப்'-ன் அதே ஜோன் பிளோரைட். இப்போது இரண்டு நாடகங்களும் செவ்வியல் வரிசையில் சேர்ந்துவிட்டன. அதனால் விமர்சகர்களின் கேள்வியும் மாறிவிட்டது. ஆஸ்போர்ன் எழுதத் தெரிந்தவரா என்று யாரும் கேட்கவில்லை. மனைவி அலிசனை வார்த்தையால் குத்திக் கிழிக்கும் ஜிம்மியை இன்றைக்கு எந்த முகத்தோடு பார்ப்பது என்பதே விவாதம். 1956-ல் எல்லார் கண்ணும் பேசுகிறவன் மேல் இருந்தது. மூலையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளை நோக்கித் திரும்ப அது அறுபது எழுபது வருஷம் எடுத்துக்கொண்டது. பக்கத்திலேயே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாய் திறந்து பேசக் கற்றுக்கொள்ளும் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகளைப் பற்றிய 'ரூட்ஸ்' ஓடியது அதற்கு உதவியிருக்கும். இப்படி ஜோடி சேர்த்ததே ஒரு விமர்சனம். எந்தப் பத்திரிகையிலும் வராத விமர்சனம்.

நடிகை மார்ஃபித் கிளார்க் ஒரு மாலை பீட்டி, இன்னொரு மாலை 'லுக் பேக்'கில் அலிசனின் தோழி ஹெலெனா. ஆஸ்போர்னின் மூன்றாம் அங்கம் தொடங்கும்போது அலிசன் வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். மறுபடி ஒரு ஞாயிறு மாலை. அதே அறை, அதே இரண்டு நாற்காலிகள், அதே பேப்பர்கள். தேய்ப்பு மேஜைக்குப் பின்னால் இப்போது நிற்பது ஹெலெனா, ஜிம்மியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான்.